தாடை மூட்டு வலியும் காப்பீட்டு கிளைமும்: புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காதுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் முன்னால் வந்து பின்னால் போவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. டாக்டர்கள் டிஎம்ஜே என்பார்கள். அதைச் சுற்றி வரும் கோளாறுகளுக்கு டிஎம்டி என்று பெயர். கதவுக் கீல் போலச் சுழலவும் செய்யும், முன்னால் வழுக்கவும் செய்யும். எலும்புகளுக்கு நடுவே சிறிய வட்டு ஒன்று மெத்தையாக இருக்கிறது. பேச, சாப்பிட, கொட்டாவி விட என்று நாள் முழுக்க வேலை செய்யும் மூட்டு என்பதால், மூட்டுக்குள்ளோ சுற்றியுள்ள தசையிலோ கோளாறு வந்தால் லேசில் ஆறுவதில்லை. வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள்.

வலியைவிட அலைச்சல்தான் பலரைச் சோர வைக்கிறது. காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்பார். பல் டாக்டர் பல் நன்றாக இருக்கிறது என்பார். கடைசியில் காப்பீட்டு நிறுவனம் "இது டென்டல், பாலிசியில் கிடையாது" என்று கையை விரிக்கும். நான் பல வருடமாக இந்த வலியோடு இருப்பவள். வீட்டாருக்கும் தெரிந்தவர்களுக்கும் கிளைம் பேப்பர் போட்டுக் கொடுத்துப் பழகியவள். இந்தியாவில், முக்கியமாகத் தமிழ்நாட்டில், ஹெல்த் பாலிசி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், இது வேறு ஏதாவதா என்று பாருங்கள்

தாடை வலி எல்லாம் தாடை மூட்டு வலி அல்ல. நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றோடு தாடை வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, கண் மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். பார்வையே போய்விடக்கூடிய நோய், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கரண்ட் அடித்த மாதிரி சில நொடி சுரீரென்று வெட்டும் வலி முக நரம்பு சம்பந்தப்பட்டது. அதற்கு நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பாக்கு, குட்கா, ஹான்ஸ் போடும் பழக்கம் உள்ளவருக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போனால் அது வாயின் உள்தோல் இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடியது அது, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். கொட்டாவி விட்டபின் வாய் மூடவே முடியாமல் நின்றுவிட்டால் மூட்டு விலகியிருக்கிறது. வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

இவை எதுவும் இல்லை என்றால், உங்கள் மூன்று விரலை (ஆள்காட்டி, நடு, மோதிர விரல்) செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வாய் 40 முதல் 50 மில்லிமீட்டர் திறக்கும். மூன்று விரல் போகும். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பிறகு கிளைமிலும் உதவும். வலி இல்லாமல் வெறும் 'டக்' சத்தம் மட்டும் வருகிறதா? அதற்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை.

யாரைப் பார்ப்பது

இரண்டு பேர்தான் சரியான வாசல். ஒருவர், பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் வாய் மருத்துவம் மற்றும் கதிரியக்கவியல் துறை டாக்டர். இன்னொருவர், வாய், தாடை, முக அறுவை நிபுணர். மாக்சில்லோஃபேஷியல் சர்ஜன் என்று கேட்டால் எந்த ரிசப்ஷனிலும் புரியும். சென்னையில் இருப்பவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

முதலில் ஓபிஜி என்ற எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் எலும்பு தெரியும், வட்டு தெரியாது. வட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். முதல் நாளே எம்ஆர்ஐக்கு ஓடாதீர்கள். பிறகு எப்போது எடுப்பது என்பதில் பணக் கணக்கும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதல் சில மாதம்: செலவு குறைவு, பலன் அதிகம்

2023ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் நாட்பட்ட டிஎம்டி வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று வெளியானது. அது உறுதியாகப் பரிந்துரைப்பவை எளிமையானவை: தாடைப் பயிற்சி, நீட்டல் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சை, கழுத்து-முதுகு நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, வலியைக் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை. மனநல ஆலோசனை என்றதும் "வலி கற்பனை என்கிறார்களா" என்று கோபப்பட வேண்டாம். மன அழுத்தத்தில் பல்லை இறுக்குவது உடம்பு செய்யும் வேலை. அதைக் கவனித்து நிறுத்தப் பழக்குகிறார்கள், அவ்வளவுதான். மாறாக, மேல், கீழ்ப் பல் சேரும் கடியையே நிரந்தரமாக மாற்றிவிடும் வகை ஸ்பிளின்ட்டுக்கும் (பல்லில் மாட்டும் உறை) வட்டை எடுத்துவிடும் அறுவைக்கும் அந்த வழிகாட்டுதல் உறுதியாக வேண்டாம் என்கிறது. "பல்லைக் கொஞ்சம் ராவிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது.

இரவில் போட்டுக் கழற்றும் சாதாரண ஸ்பிளின்ட் விஷயத்தில் அந்த வழிகாட்டுதல் ஆர்வம் காட்டவில்லை. ஆனால் தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பவருக்குப் பல் தேயாமல் இருக்க அது உதவும். வாங்குவதாக இருந்தால் உங்கள் பல் அச்சு எடுத்துச் செய்ததை வாங்குங்கள். போட்டபின் கடி மாறுவதாகத் தோன்றினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேரக் கூடாது, நாக்கு நுனி மேலண்ணத்தில் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். இதுதான் தாடைக்கு ஓய்வு நிலை. கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். கண் படும்போதெல்லாம் பல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை முறை இறுகியிருக்கும் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் தசை வலிக்கு நன்றாகக் கேட்கும். வலி கூடும் நாட்களில் முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், முழுக் கொய்யா, பரோட்டா, சூயிங்கம் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். இட்லி, இடியாப்பம், குழைய வைத்த பொங்கல், ரசம் சாதம் நமக்கு இருக்கவே இருக்கின்றன. ஆப்பிளைக் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாயின் அடியில் கையைக் கொடுங்கள். வேறு காரணத்துக்குப் பல் டாக்டரிடம் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; நடுநடுவே வாயை மூடி ஓய்வெடுக்க விடுவார்கள். வலி மாத்திரையை மெடிக்கலில் நாமாக வாங்கி வாரக்கணக்கில் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இவை எல்லாமே வெளிநோயாளியாக, ஓபியில் நடப்பவை. சாதாரண மருத்துவமனைப் பாலிசி இதற்குப் பணம் தராது. ஓபி வசதி சேர்த்து வாங்கிய பாலிசியிலும் சில கம்பெனி குரூப் பாலிசியிலும் மட்டும் கிடைக்கும், ஹெச்ஆரிடம் கேளுங்கள். அட்மிட் ஆனால்தானே கிளைம் வரும் என்று நினைத்து, தேவையில்லாத ஊசிக்கோ அறுவைக்கோ சம்மதித்துவிடாதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. பெரும்பாலானவர்களுக்கு இந்த எளிய வழிகளிலேயே வலி அடங்குகிறது. காப்பீடு தேவைப்படுவது அடங்காத சிலருக்குத்தான்.

ஃபைல் ஒன்று போடுங்கள், இன்றே

அந்தச் சிலரில் நீங்களும் ஒருவராகலாம். அதனால் முதல் ஓபி சீட்டிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, டாக்டரின் பதிவு எண், வாய் திறக்கும் அளவு மில்லிமீட்டரில், எந்தப் பக்க மூட்டு, என்ன சிகிச்சை கொடுத்தார், பலன் என்ன என்பது இருக்க வேண்டும். "டாக்டர், வாய்த்திறப்பு அளவை எழுதிடுங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஸ்பிளின்ட் பில், பிசியோதெரபி வருகைச் சீட்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் சேருங்கள். எளிய சிகிச்சைகளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போனீர்கள் என்பதற்கு இவைதான் சாட்சி.

நோயின் பெயர் சரியாக இருக்கட்டும். "தாடை வலி" என்பது நோய் அல்ல, அறிகுறி. 'வலது தாடை மூட்டு வட்டு நகர்வு, வாய் திறக்க இயலாமை' என்பது நோய். கிளைம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதியில் ஐசிடி-10 குறியீடு கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் தாடை மூட்டுக் கோளாறு கே07.6. உள்ளதை உள்ளபடி முழுமையாக எழுதச் சொல்லுங்கள். இல்லாததை எழுதச் சொல்லாதீர்கள், தேதியை மாற்றச் சொல்லாதீர்கள். தெரிந்தால் கிளைம் மட்டுமல்ல, பாலிசியே போய்விடும்.

பாலிசியில் எதைப் படிப்பது

ஏஜென்ட் கொடுத்த ஒரு பக்கத் தாள் போதாது. முழு வாசகத்தை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். நான்கு இடங்களைத் தேடுங்கள்.

ஒன்று, பல் சிகிச்சை விலக்கு. பல பாலிசிகளில் விபத்தால் வந்த பல் சிகிச்சைக்கு மட்டும்தான் பணம். ஆனால் 'பல் சிகிச்சை' என்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு பொது வரையறை வைத்திருக்கிறது, எல்லா நிறுவனமும் அதையே அச்சடிக்கின்றன: பற்கள் அல்லது பற்களைத் தாங்கும் அமைப்புகள் தொடர்பான சிகிச்சை, பரிசோதனை, பல் அடைத்தல், கிரவுன், பல் பிடுங்குதல், அறுவை எல்லாம் அதில் அடக்கம். தாடை மூட்டு பல்லும் அல்ல, பல்லைத் தாங்கும் ஈறோ எலும்போ அல்ல. கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டு. உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் இதுதான். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். சில பாலிசிகளில் விலக்குப் பட்டியலிலேயே தாடை மூட்டைப் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் இந்த வாதம் நிற்காது, வீண் அலைச்சல் வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசியில், நோயாலோ காயத்தாலோ அட்மிட் ஆகிச் செய்யும் பல் சிகிச்சையே சேர்க்கப்பட்டிருக்கிறது; 5 சதவீதம் மட்டும் நம் பங்கு.

இரண்டு, காத்திருப்புக் காலம். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை எடுத்த நோய், முன்பே இருந்த நோய். அதற்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வைக்கலாம். மூட்டு நோய்களுக்குத் தனியாகக் காத்திருப்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் வலியை மறைக்காதீர்கள். கம்பெனி குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இருக்காது.

மூன்று, மருத்துவமனை என்றால் என்ன, டே கேர் என்றால் என்ன. பொதுவாக 24 மணி நேரம் அட்மிட் ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் சில மணி நேரத்தில் முடியும் சிகிச்சைகளை டே கேராக ஏற்பார்கள். ஆனால் வழக்கமாக ஓபியில் செய்வது அதில் வராது. பக்கத்துத் தெரு டென்டல் கிளினிக்கில் செய்துகொண்டால், எவ்வளவு பெரிய சிகிச்சையானாலும், பாலிசி சொல்லும் மருத்துவமனை வரையறைக்குள் அந்த இடம் வராமல் போகலாம். இன்னொன்று: பாலிசிகளில் 'மருத்துவர்' என்பவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர் என்று இருக்கும். தாடை அறுவை நிபுணர்கள் பலர் எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்து டென்டல் கவுன்சிலில் பதிந்தவர்கள். இதைக் காட்டிக் கேள்வி வரக்கூடும் என்பதால், சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது.

நான்கு, அட்மிஷனுக்கு முன்னும் பின்னும். பல பாலிசிகளில் அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் அதே நோய்க்கானது என்றால் கிடைக்கும். டாக்டர் மூட்டைக் கழுவ வேண்டும் (இந்தச் சிகிச்சையைக் கீழே விளக்குகிறேன்) என்று முடிவு செய்து, எம்ஆர்ஐ அவசரமில்லை என்றும் சொன்னால், அதை அந்த 30 நாளுக்குள் வருகிற மாதிரி எடுங்கள். பின்னால் வரும் பிசியோதெரபி பில்களையும் அந்த 60 நாளுக்குள் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே பிசியோதெரபி எழுதப்பட்டிருக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் பணம் இது.

அட்மிஷன் என்று முடிவானபின்

அடுத்த கட்டமாக டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வது ஆர்த்ரோசென்டெசிஸ்: மூட்டின் மேல் இடைவெளியில் இரண்டு ஊசியைச் செலுத்தி, ஒன்றின் வழியே ரிங்கர் லாக்டேட் திரவத்தை விட்டு இன்னொன்றின் வழியே வெளியேற்றிக் கழுவுவது. வாய் திறக்காமல் பூட்டிக்கொண்டவர்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். வெறும் வலிக்கு அந்த 2023 வழிகாட்டுதல் இதை ஊக்குவிக்கவில்லை. அதனால் "எனக்கு ஏன் தேவை, செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்று கேட்டுத் தெளிவாகுங்கள். இதற்கும் மேல் நுண்துளை அறுவை, திறந்த அறுவை, மூட்டு மாற்று என்று போகும். அவை மிகச் சிலருக்கே.

உறவினர் ஒருவருக்காக ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையில் நின்றிருக்கிறேன். அங்கிருந்த பெண் படிவத்தைப் பார்த்ததுமே, "மேடம், இது டென்டல் கேஸ், கேஷ்லெஸ் வராது" என்றாள். நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டாது என்று அர்த்தம். "பாலிசியில டென்டல்னா என்னன்னு எழுதியிருக்காங்க, இதக் கொஞ்சம் படிச்சுப் பாரும்மா" என்று பிரின்டை நீட்டினேன். படித்துவிட்டு, "அப்போ டாக்டர்கிட்ட டயக்னோசிஸ மாத்தி வாங்கிட்டு வாங்க" என்றாள். மாற்ற எதுவும் இல்லை. படிவத்தில் 'ஜா பெயின்' (தாடை வலி) என்று இரண்டே வார்த்தை இருந்தது. டாக்டர் எம்ஆர்ஐயைப் பார்த்து முழுப் பெயரையும், வாய்த்திறப்பு அளவையும், முன்பு கொடுத்த சிகிச்சைகளையும் எழுதிக் கொடுத்தார். நிறுவனத்துக்காகக் கிளைமைக் கையாளும் டிபிஏ சில கேள்வி கேட்டது, பிறகு அனுமதி வந்தது. அந்தப் பெண் மேல் தவறில்லை. அவள் கையில் கொடுத்த தாளில் அவ்வளவுதான் இருந்தது.

திட்டமிட்ட சிகிச்சை என்றால் இரண்டு நாள் முன்பே பிரீ-ஆத் (முன் அனுமதிக் கோரிக்கை) அனுப்பச் சொல்லுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளைமே மறுக்கப்பட்டதாக ஆகாது. பணம் கட்டிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், ரசீது, எம்ஆர்ஐ ரிப்போர்ட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாவற்றோடும் ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது) போடலாம். கடைசித் தேதி பாலிசிக்குப் பாலிசி மாறும். டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் செட் உங்களிடம் இருக்கட்டும்.

மறுத்துவிட்டார்களா?

போனில் சொன்ன மறுப்பு மறுப்பே அல்ல. எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கவும் கூடாது. கடிதம் வந்ததும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"என் கிளைமைப் பல் சிகிச்சை விலக்கின் கீழ் மறுத்துள்ளீர்கள். உங்கள் பாலிசியின் வரையறைப்படி பல் சிகிச்சை என்பது பற்கள் அல்லது பற்களைத் தாங்கும் அமைப்புகளுக்கானது. எனக்குச் செய்யப்பட்டது வலது தாடை மூட்டைக் கழுவும் சிகிச்சை. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் மூட்டு வட்டு நகர்ந்திருப்பது பதிவாகியுள்ளது. எந்தப் பல்லுக்கும் சிகிச்சை நடக்கவில்லை என்று டாக்டர் தந்த சான்றையும், முன்பு எடுத்த சிகிச்சைகளின் ஆவணங்களையும் இணைத்துள்ளேன். மறுபரிசீலனை செய்து எழுத்தில் பதில் தரவும்."

கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற ஆன்லைன் புகார் தளத்திலும் பதியுங்கள். 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் தரலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்கிறார்கள். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கக் கூடாது. தீர்ப்பை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்ற வேண்டும், தாமதித்தால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தீர்ப்பு உங்களுக்குப் பாதகமாக வந்தால் அதற்குப் பிறகும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பாலிசி வாசகம் இரண்டு விதமாகப் பொருள்பட்டால் பாலிசிதாரருக்குச் சாதகமானதை எடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் பாலிசி இல்லாதவர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், ஓபி சிகிச்சையே அதில் அடக்கம். அட்மிட் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மாத்திரைக்கும் பணம் கட்ட வேண்டாம். இந்த வலிக்கு அதைவிடப் பொருத்தமான காப்பீடு இல்லை என்றே சொல்வேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மூட்டு ஒட்டிப்போய் வாயே திறக்காதவருக்கு அறுவை என்று டாக்டர் சொன்னால், மருத்துவமனையில் உள்ள திட்ட மேசையிலோ 1800 425 3993 என்ற எண்ணிலோ அந்த அறுவை பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, அதே பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இப்போதைய பாலிசியில் தாடை மூட்டைப் பெயர் சொல்லி விலக்கியிருந்தால், புதுப்பிக்கும்போது வேறு நிறுவனத்துக்குப் பாலிசியை மாற்றிக்கொள்ளலாம் (போர்ட் செய்வது என்பார்கள்). இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனால் புதிய நிறுவனம் மருத்துவ விவரம் கேட்கும், மறுக்கவும் செய்யலாம். அதனால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், பதில் கைக்கு வரும்வரை பழைய பாலிசியைக் கைவிடாதீர்கள்.